தொட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டார்

எங்கள் திருமண நாளுக்கு என் கணவர் ஒரு கைப்பை வாங்கி வந்தார். அசல் தோல் என்று கடைக்காரன் சொன்னானாம். பக்கத்து வீட்டு பாயிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். அவர் பையைத் திருப்பினார். உள் தையலை விரலால் விலக்கினார். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். பிறகு பையை என் கையில் பதமாகக் கொடுத்துவிட்டு, "ரெக்சின்மா. ஆனா தையல் நல்லா போட்டுக்கீறான்" என்றார்.

என் கணவர் ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. பாய்க்கு அது புரியவும் இல்லை. கேட்டார்கள், பார்த்தார், சொன்னார். அவ்வளவுதான் அவருக்கு.

பம்மலில் எங்கள் சந்தில் இரண்டு வீடுகளுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தப் பக்கம் பாயும் அவர் மனைவியும், இந்தப் பக்கம் மாடியில் நாங்கள் வாடகைக்கு. அங்கே மிச்சமிருந்த தோல் தொழிற்சாலைகளில் ஒன்றில் பாய் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பதனிட்டு வரும் ஆட்டுத் தோல்களையும் மாட்டுத் தோல்களையும் மேசைமேல் விரித்து, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, இது ஷூவுக்கு, இது கையுறைக்கு, இது ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்குவது வேலை. ஒருமுறை ஒரு துண்டுத் தோலைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு அது வெறும் பழுப்பு. அவர் என் விரலைப் பிடித்து அதன்மேல் நகர்த்தி, இந்த இடத்தில் உண்ணி கடித்திருக்கிறது, இங்கே வேலிமுள் கிழித்து ஆறியிருக்கிறது, இந்த ஆடு கடைசி மாதங்களில் சரியாகத் தின்னவில்லை என்று வரிசையாகச் சொன்னார். ஒரு உயிரின் கதையை அவர் அதன் முதுகில் படித்தார்.

இந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நிற்கவில்லை. மாம்பழம் இனிக்குமா என்று கேட்டால் முகர்ந்து, அமுக்கி, காம்பைத் திருகிப் பார்க்காமல் பதில் வராது. தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்காவது உடம்பு சுட்டால் தாய்மார்கள் அவரிடம்தான் முதலில் தூக்கிவருவார்கள். நெற்றியிலும் பாதத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "காய்ச்சல்தான். டாக்டராண்ட போ" என்பார். கஷாயம், தைலம் என்று எதையும் வாயால் சொன்னதில்லை. பார்ப்பது தன் வேலை, வைத்தியம் வேறொருவர் வேலை என்பதில் கறாராக இருந்தார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: கல்யாணமான மறுநாள் டீ கொண்டுபோய் நீட்டியபோது, பாய் டம்ளரை வாங்காமல் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாராம். உள்ளங்கையில் பழைய சூட்டுக் காயங்கள். யார் சுட்டது என்று கேட்டிருக்கிறார். யாருமில்லை, அடுப்புதான் என்றிருக்கிறார் அக்கா. அன்று சாயந்தரமே பாய் எங்கிருந்தோ ஒரு நல்ல இடுக்கி வாங்கி வந்துவிட்டார். "ஒரு வார்த்தை கொஞ்சலா பேசத் தெரியாது அந்த மனுசனுக்கு. ஆனா இடுக்கி வாங்கினு வந்தாரு" என்று சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்களிடம் மினி என்றொரு லாப்ரடார் இருந்தாள். பெயர் குட்டியாக இருந்தபோது வைத்தது. ஐந்து வயதுவரை சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் காற்று மாதிரி ஓடுவாள். தண்ணீர் லாரி வந்தால் குடங்களுக்கு நடுவே புகுந்து எல்லாரிடமும் திட்டு வாங்குவாள். ஆறாவது வயதில் மெல்ல மெல்ல நின்றுபோனாள். எப்போது என்று நாள் சொல்ல முடியாது. முதலில் படி இறங்கத் தயங்கினாள். பிறகு என் கணவர் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிறகு அவரால் தூக்க முடியவில்லை, அவ்வளவு எடை. சாப்பாட்டைப் பாதியாக்கினோம். எடை குறையவில்லை. தட்டை நக்கிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பாள். அவள் முகமும் மாறியிருந்தது. கண்ணுக்கு மேலே சதை தொங்கி, எப்போதும் அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள். சோம்பேறி என்று நான் அவளைத் திட்டியிருக்கிறேன். அதை இப்போது எழுதும்போதுகூட என் முகம் சுடுகிறது.

அப்புறம் முடி உதிர ஆரம்பித்தது. வால் மொட்டையானது. இரண்டு விலாவிலும் வட்டமாகத் தோல் தெரிந்தது, அதுவும் கறுத்துப்போய். அங்கங்கே சீழ்க்கட்டிகள். அருகில் இருந்த ஒரு கால்நடை டாக்டர் சொறி என்று ஊசி போட்டார், கந்தக வாசனை அடிக்கும் எண்ணெய் கொடுத்தார். கட்டிகள் ஆறின. முடி வரவில்லை. மறுபடி போனோம், மறுபடி ஊசி. வயதாகிவிட்டது என்றார் அவர். ஆறு வயது.

அந்த வருஷம் மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மாடியில் பாதி எங்கள் வீடு, பாதி மொட்டை மாடி. அக்னி நட்சத்திர வெயிலில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. மினி அந்தத் தரையில் போய்ப் படுத்திருந்தாள். நான் உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருந்தேன். ஜும்மா தொழுகை முடிந்து வந்த பாய், காயப்போட்ட மிளகாயை எடுக்கத் தன் வீட்டு மாடிக்கு ஏறியிருக்கிறார். சுவருக்கு மேலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, இந்த வெயில்ல நாயி இங்க படுத்துக்கினு கீது?"

தினமும் அப்படித்தான் பாய், நிழலுக்கு இழுத்தாலும் திரும்ப வந்துவிடுகிறாள் என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்தார். "நாயிங்கல்லாம் சாக்கடையாண்ட ஈரத்தைத் தேடிக்கினு போவுது. இது வெயிலத் தேடிக்கினு வருதுன்னா, இதுக்குக் குளுருதும்மா."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, எங்கள் படியேறி வந்தார். இது சாதாரண விஷயமில்லை. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன்னால் பலமுறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் வீட்டு ஒழுக்கம். அதனால் அதுவரை அவர் மினியைத் தொட்டதே இல்லை. அன்று சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார். வலது விலாவைத் தடவினார். முடியை எதிர்ப்பக்கமாக விலக்கினார். தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். எழுந்து மறுபக்கம் போய் இடது விலாவிலும் அதையே செய்தார். வாலைக் கையில் ஏந்தி நுனிவரை விரலை ஓட்டினார். வெயிலிலேயே இருந்தோம். அவருடைய வெள்ளைத் தொப்பியின் ஓரம் வியர்வையில் நனைந்துவிட்டது. சொறிகிறதா, தேய்க்கிறதா, கடித்துக்கொள்கிறதா என்று மூன்று விதமாகக் கேட்டார். இல்லை என்றேன்.

"வெளியேர்ந்து வர்ற நோவு ஒரு பக்கமா வரும், அரிப்பு எடுக்கும், கீறல் வுழும். இதுல ஒரு கீறல் இல்ல. இந்தப் பக்கம் எப்டியோ அந்தப் பக்கமும் அப்டியே, அளவெடுத்த மாதிரி. தோலு தடிச்சு ஜில்லுனு கீது. இது சொறி இல்லம்மா. உள்ள ஏதோ கெட்டுப்போயிக்கீது. இன்னான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பெரிய டாக்டராண்ட காட்டுங்க."

அக்கா கீழே செம்பில் தண்ணீரோடு காத்திருந்து அவர் கையில் ஊற்றினார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

என் கணவர் நம்பவில்லை. செத்த ஆட்டைப் பார்க்கிறவருக்கு உயிருள்ள நாயைப் பற்றி என்ன தெரியும் என்றார். கைப்பை இன்னும் அவர் மனதில் இருந்தது. நாள்கள் போயின. பாய் மட்டும் வெள்ளிதோறும் வந்து மினியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குள் வேறொரு பக்கமிருந்து அடி விழுந்தது.

வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நிலமும் மாடும் வைத்திருந்தவர், இப்போது மூன்று வீடு வாடகைக்கு விட்டிருந்தார். கெட்டவர் இல்லை. மகள் பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு கீழே இருந்தாள். வீட்டுக்குள் சொறிநாய் இருக்கிறது என்று உறவுக்காரர்கள் பேச, அவர் படியேறி வந்தார். ஆனி முடிவதற்குள் நாயை அனுப்ப வேண்டும், இல்லை நாங்கள் வேறு வீடு பார்க்க வேண்டும். அனகாபுத்தூர் ஆற்றோரம் கொண்டுபோய் விட்டால் எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும் என்று வழியும் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் மனதளவில் சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. படிகூட இறங்க முடியாத நாய் ஆற்றோரத்தில் மற்ற நாய்களிடம் ஒரு நாள்கூடத் தாங்காது.

சத்தம் கேட்டு பாய் வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

"அண்ணா, அது ஒட்டற நோவு இல்ல" என்றார்.

"நானும் மாடு வெச்சிருந்தவன் பாய். எனக்குத் தெரியாதா சொறி?"

பாய் வாதாடவில்லை. மினியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய மொட்டையான விலாவின் மேல் தன் முன்கையை முழுதாக வைத்து அழுத்தினார். அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மாசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொட்டுக்கினு கீறேன். எங் கையைப் பாருங்க. சோறு போடற கை இது. இதுல ஒரு பொட்டு வந்துட்டா நாளைக்கு எனக்கு வேலை இல்ல. நா வெக்கறனா இல்லியா?"

வீட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அவரும் தொட்டுப் பிழைத்தவர்தான், அதனால் அந்தப் பேச்சு அவருக்குள் போனது. பாய் அதோடு விடவில்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆகவே ஆனி என்று சொன்னாலும் ஆவணி வரைக்கும் பொறுத்தாக வேண்டும், அதுவரை குழந்தை பக்கமே நாய் வராமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றார். ஆடி மாதத்தை ஒரு பாய் நினைவூட்டியதில் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆவணி ஒண்ணு. அதுக்கு மேல ஒரு நாள் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரமே நகரத்தில் இருந்த பெரிய கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். ஷேர் ஆட்டோக்காரர்கள் மினியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தவே இல்லை. தோல் ஏற்றும் லோடு வண்டி ஒன்றை பாய் பேசி அழைத்து வந்தார். பின்னால் சாக்கு விரித்து மினியும் பாயும், முன்னால் நானும் என் கணவரும்.

அங்கே இருந்த டாக்டர் இளம்பெண். எப்போதிலிருந்து என்று கேட்டபோது நானும் என் கணவரும் மாறி மாறி உளறினோம். பாய்தான் சொன்னார்: வாலில் முதலில், பிறகு விலா இரண்டிலும் சமமாக, அரிப்பு இல்லை, தோல் தடிப்பு, குளிர்ச்சி, பாதிச் சாப்பாட்டிலும் எடை குறையவில்லை, வெயிலைத் தேடுகிறது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். நீங்கள் கால்நடைத் துறையா என்று கேட்டார். இல்லை, தோல் பார்க்கிறவன் என்றார் பாய்.

டாக்டர் மினியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இதயம் மிக மெதுவாக அடிப்பதாகச் சொன்னார். ரத்தம் எடுத்தார். உடம்பில் ஒரு ஹார்மோன் குறைந்திருக்கலாம், வேறு நோய்களாலும் அது குறையக்கூடும், அதனால் இன்னொரு பரிசோதனையும் சேர்த்துச் செய்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து, பாயையும் கூட்டிக்கொண்டு முடிவு வாங்கப் போனோம். தைராய்டு.

நாய்க்கு வருமா என்று என் கணவர் கேட்டார். என் அம்மாவுக்கு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள், அதெல்லாம் மனிதர்களுக்கு என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

"நாய்ங்களுக்கு நிறையவே வரும் சார். கழுத்துல இருக்கற சுரப்பி கொஞ்சம் கொஞ்சமா வேலையை நிறுத்திடும். அது உடம்புக்கு அடுப்பு மாதிரி. அடுப்பு தணிஞ்சா சாப்பிடறது எரியாது, எடையா சேரும். முடி உதிர்ந்தா புதுசு முளைக்காது. தோல் பலவீனமாகும், சுலபமா கட்டி வரும். எப்பவும் குளிரும், எப்பவும் தூக்கம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவ சோம்பேறி இல்லம்மா. அவளால முடியல."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருந்து, ஆயுள் முழுக்கத் தினம் இரண்டு வேளை. பம்மலில் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தரவே மாட்டேன் என்றார். மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று கொடுக்கும் மாத்திரை, காலையில் ஆறு, மாலையில் ஆறு என்று எழுதியிருந்தது. டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று என் கணவருக்கும் பயம். ஆனால் பாய் ஆஸ்பத்திரியிலேயே அதைக் கேட்டுத் தெளிந்து வந்திருந்தார். நாயின் குடல் இந்த மருந்தைக் கொஞ்சமாகத்தான் இழுத்துக்கொள்ளும், இழுத்ததையும் உடம்பு சீக்கிரம் தீர்த்துவிடும், அதனால்தான் மனிதனைவிட அதிகம் என்று டாக்டர் சொன்னதை வார்த்தை பிசகாமல் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் டாக்டருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டபிறகே டப்பாவை எடுத்தார். அது சரியான காரியம் என்று பாய் அவரைப் பாராட்டவும் செய்தார்.

பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, காலையில் மினி தானாக எழுந்து வந்து என் முழங்காலை மூக்கால் முட்டினாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாக அவள் அதைச் செய்ததில்லை. அடுத்த வாரம் வாசல்படிவரை வந்து நின்றாள். வெயிலில் படுப்பதை விட்டுவிட்டாள். ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் இருந்த நிழலைக் கண்டுபிடித்து அதில் நீட்டிப் படுத்தாள்.

ஆனால் நான்காவது வாரத்தில் முடி இன்னும் அதிகமாக உதிர்ந்தது. பெருக்கப் பெருக்கக் கொத்துக் கொத்தாக வந்தது. ஆவணிக்கு மூன்று வாரம்கூட இல்லை. என் கணவர் ஒரு கைப்பிடி முடியை அள்ளிக்கொண்டு பாய் வீட்டு வாசலில் போய் நின்றார். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்ட அவர் குரல் நன்றாக இல்லை.

பாய் எழுந்து வந்து மினியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கணவரின் கையைப் பிடித்து இழுத்து அவள் விலாமேல் வைத்தார்.

"கண்ண மூடிக்கங்க சார். முடி போற பக்கம் தடவாதீங்க. எதிர்ப்பக்கமா தடவுங்க."

என் கணவர் தடவினார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். "ஒரு நாள் ஷேவ் பண்ணாத தாடி மாதிரி இருக்கு" என்றார்.

"புதுசு பழசத் தள்ளிக்கினு வருது" என்றார் பாய்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் என் கணவரின் முதல் வேலை அதுதான். கண்ணை மூடிக்கொண்டு நாயைத் தடவுவது. அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் சுவருக்கு மேலாக எட்டி, நேற்றைவிட இன்று நீளம் பாய் என்று அறிவிப்பார். பாய் அந்தப் பக்கமிருந்து, அளந்து சொல்லுங்க சார் என்பார்.

செய்தி பரவி, கீழ்க்கட்டளையிலிருந்தெல்லாம் ஆட்கள் தங்கள் நாய்களை ஓட்டிக்கொண்டு பாயைத் தேடி வந்தார்கள். எல்லா முடி உதிர்வுக்கும் தைராய்டுதான் என்று அவர் சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. பார்த்துவிட்டு, இது உண்ணிக்கடி, இது உண்மையிலேயே சொறி, இது எனக்குத் தெரியவில்லை என்று பிரித்துப் பிரித்து டாக்டரிடம் அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டு அனுப்பிய ஒரு டாபர்மேனுக்கு மட்டும் மினிக்கு வந்ததே வந்திருந்தது. அந்த நாயும் தேறியது. மினி அதன்பிறகு ஏழு வருஷம் எங்களோடு இருந்தாள். ஒரு நாள்கூட மாத்திரை தவறியதில்லை. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த ஆவணி ஒன்றாம் தேதி காலை எட்டு மணி. வீட்டுக்காரர் சொன்ன சொல் மாறாமல் படியேறி வந்தார். நான் மினியைக் குளிப்பாட்டித் துடைத்து நிறுத்தியிருந்தேன். வால் இன்னும் அரைகுறைதான். விலாவில் மட்டும் வெல்லக் கலரில் புதுமுடி, குட்டை குட்டையாக, வெயில் பட்டு மின்னியது. வயிறு உள்ளே போயிருந்தது. முகத்தில் அந்த அழுகை இல்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

அப்போது கீழே சந்தில் பாயின் சைக்கிள் மணி கேட்டது. அவர் வேலைக்குக் கிளம்பியிருந்தார். மினி காதை நிமிர்த்தினாள். வீட்டுக்காரரின் கைக்குக் கீழே நுழைந்து, மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி, திறந்திருந்த கேட்டைத் தாண்டித் தெருவில் பாய்ந்தாள். நான் பயத்தில் சுவரோரம் ஓடிவந்து பார்த்தேன். சைக்கிளுக்குப் பின்னால் நான்கு காலும் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தாள். குடத்தோடு நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இதுவா அந்த நாயி?" என்று வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

பாய் திரும்பிப் பார்த்தார். சந்து முனையில் சைக்கிளை நிறுத்துவார், அவளை வீட்டுக்கு விரட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. அரைவட்டம் அடித்துத் திருப்பி, மணியை விடாமல் அடித்துக்கொண்டு, மினி பக்கவாட்டில் ஓடிவர, இந்த முனைக்கு மிதித்து வந்தார். அக்கா வாசலில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கணவர் பாதி ஷேவிங் சோப்போடு வெளியே வந்து கைதட்டினார். அவர்கள் மறுபடி அந்த முனைக்குப் போனார்கள், மறுபடி வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது மனிதர், கேரியரில் சோற்று டிபன் ஆட, தொப்பி பின்னால் சரிய, பையன் மாதிரி எழுந்து நின்று பெடலை மிதித்தார். மினி அவரை முந்தினாள்.

அன்று பாய் வேலைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார்.